நெருப்புக்கு எட்டாத நூலகம்

தீயை அணைப்பதற்கென்று அரசு ஒரு படையை வைத்திருப்பதை நாம் அறிவோம். தீயை மூட்டுவதற்கென்றே ஓர் அரசு ஒரு படையை வைத்திருந்தால் எப்படியிருக்கும்? எங்கேனும் ஒரு வீட்டில் நூல் இருப்பதாகத் துப்புக் கிடைத்ததும் மணியோசையுடன் வண்டி விரைந்து வரும். தலைக்கவசம் அணிந்தோர் இறங்குவர். நீருக்குப் பதிலாக மண்ணெண்ணெயைப் பீய்ச்சுவர். நூல்களும், நூல்கள் இருந்த வீடும் சாம்பலாகும். அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்த்துவிட்டு உறங்கச் செல்வர்.

இப்படியொரு நாட்டைக் கற்பனை செய்தவர் ரே பிராட்பரி (1920–2012) என்னும் அமெரிக்க எழுத்தாளர். 1953-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த அவருடைய நாவலின் பெயர் ‘ஃபாரன்ஹீட் 451’. காகிதம் தீப்பற்றும் வெப்பநிலை அதுவென்று அவர் கொண்டார்; செல்சியஸ் கணக்கில் ஏறத்தாழ 233 பாகை. வருங்காலம் இருண்டுபோகக்கூடும் என்று எச்சரிக்கும் நாவல்களில், ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’-உடன் சேர்த்துப் பேசப்படும் தகுதி பெற்றது இது.

கதைத் தலைவன் மான்டாக் தீயிடும் படையைச் சேர்ந்தவன். எரிப்பதில் இன்பம் கண்டவன். கிளாரிஸ் என்னும் பக்கத்து வீட்டு இளம்பெண் அவனிடம் ஓரிரு எளிய கேள்விகளைக் கேட்கிறாள். அன்று முதல் அவன் நெஞ்சில் அமைதியில்லை. எரிக்கப்போன இடத்தில் ஒரு நூலை மறைத்து எடுத்து வருகிறான். முடிவில் நகரை விட்டு ஓடி, காட்டோரம் வாழும் ஒரு கூட்டத்தாரை அடைகிறான். அவர்கள் கையில் ஒரு நூலும் இல்லை. ஆயினும் ஒவ்வொருவரும் ஒரு நூலை மனனம் செய்து வைத்திருக்கின்றனர். ஏடு எரிந்தாலும் நூல் எரியாமலிருக்க அவர்கள் கண்ட வழி அதுவே.

திருமறையை நெஞ்சில் சுமக்கும் ஹாஃபிழ்களுக்கிடையே வாழும் நமக்கு இக்கதையின் முடிவு புதுமையன்று. ஆனால் இக்கதை நம்மிடம் கேட்கும் கேள்வி புதியது. அதனைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேடைக்குத் திரும்பிய கதை

நாவல் வெளியாகிக் கால் நூற்றாண்டுக்குப் பின், பிராட்பரி தாமே அதனை நாடகமாக்கினார். 1979-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் காலனி நாடகக் குழுவினர் அதனை மேடையேற்றினர். 1986-இல் நாடகம் அச்சில் வந்தது. 1988-இல் இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வேன் நகரில் முறையான அரங்கேற்றம் நடந்தது. 2003-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலும், 2006-இல் நியூயார்க்கிலும், அதே ஆண்டு எடின்பரோ விழாவிலும் அது மீண்டும் மேடை கண்டது. ஒரு தலைமுறை மறந்தபோதெல்லாம் அடுத்த தலைமுறை அதனை அழைத்து வந்து மேடையில் நிறுத்தியிருக்கிறது.

நாடகம் நம் மத்ரஸாக்களுக்குப் பழக்கமான துறையன்று. எனினும் இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்றுண்டு. நாவலில் தீயிடும் படையின் தலைவனாக வரும் பீட்டி நூல்களை வெறுப்பவன். ஆனால் அவன் பேச்சிலே நூல்களின் வாசகங்கள் வந்துகொண்டே இருக்கும். இவ்வளவும் இவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு நாவல் விடை கூறவில்லை. நாடகத்தில் அந்த விடையைத் தருகிறார் பிராட்பரி. பீட்டி மான்டாக்கைத் தன் இல்லத்திற்கு அழைத்துச் செல்கிறான். அங்கே சுவரெங்கும் அலமாரிகள். அவற்றில் ஆயிரக்கணக்கான நூல்கள்! மான்டாக் திகைத்து நிற்கிறான். பீட்டி அமைதியாக விளக்குகிறான்: நூலை வைத்திருப்பது குற்றமன்று, படிப்பதுதான் குற்றம், தான் இவற்றில் ஒன்றையும் திறப்பதில்லை, ஆகவே தான் குற்றமற்றவன்!

இந்தக் காட்சியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

பெர்லினும் கிரனடாவும்

பிராட்பரி கல்லூரியில் பயின்றவரல்லர். வறுமை காரணமாகப் பொது நூலகத்தையே தம் கல்லூரியாகக் கொண்டவர். இந்த நாவலின் முதல் வடிவத்தையும் அவர் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் அமர்ந்தே எழுதினார். அங்கிருந்த தட்டச்சுப் பொறிகளுக்கு அரைமணி நேரத்திற்குப் பத்து சென்ட் வாடகை. ஒன்பது நாளில் 9 டாலர் 80 சென்ட் செலவில் எழுதி முடித்தார். தலைக்கு மேலே நூல்கள் நிறைந்த தளங்கள். கீழே நூல்கள் எரியும் கதை!

அக்கதைக்குக் கற்பனை மட்டுமே காரணமன்று. 1933-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் இரவு, ஜெர்மனியின் பல்கலைக்கழக நகரங்களில் 25,000-க்கும் மேற்பட்ட நூல்கள் எரிக்கப்பட்டன. எரித்தவர்களில் முன்னின்றோர் எழுத்தறியாதவர்கள் அல்லர், பல்கலைக்கழக மாணவர்கள். பெர்லின் நகரின் அந்தச் சதுக்கத்தில் இன்று ஒரு நினைவிடம் இருக்கிறது. தரையில் பதித்த கண்ணாடி வழியே குனிந்து பார்த்தால், கீழே ஓர் அறையில் வெற்று அலமாரிகள் தெரியும். 20,000 நூல்களுக்கு இடமுண்டு. ஒரு நூலும் இல்லை. அருகே ஒரு பட்டயத்தில், நூலை எரிப்பவர் கை எங்கே போய் நிற்கும் என்பதைக் குறித்து ஹைன்ரிக் ஹைனே என்னும் ஜெர்மானியக் கவிஞர் எழுதிய வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஹைனேயின் நூல்களும் 1933-இல் எரிந்தவற்றுள் அடங்கும்.

அந்த வாசகம் எதைப்பற்றியது என்பதை அதைப் படிப்போரில் பலர் அறியார். 1823-இல் வெளிவந்த ‘அல்மன்சூர்’ என்னும் ஹைனேயின் நாடகத்தில் அது வருகிறது. களம், வீழ்ச்சியுற்ற கிரனடா. அங்காடியில் திருக்குர்ஆன் எரிக்கப்பட்டதென்ற செய்தியைக் கேட்ட ஹஸன் என்னும் முஸ்லிம் பாத்திரம் அதனைச் சொல்கிறது. அந்நாடகம் அவ்வாண்டே பிரவுன்ஷ்வைக் நகரில் ஒரே ஒரு முறை மேடையேறி, அரங்கில் எழுந்த கூச்சலால் நின்றுபோயிற்று. ஒரு நூற்றாண்டு கழித்து ஜெர்மனியில் மூண்ட தீயை உணர்த்த, நம் முன்னோரின் கிரனடாவில் எரிந்த தீயைப் பற்றிய சொற்களே உலகத்துக்குத் தேவைப்பட்டன.

கிரனடாவில் நடந்தது நாடகமன்று, வரலாறு. 1492-இல் அந்நகரம் ஸ்பானிய மன்னர் கைக்குப் போனபோது, முஸ்லிம்களின் மார்க்கத்திற்கும் நூல்களுக்கும் தீங்கு நேராது என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. எட்டு ஆண்டுகூட அது நிலைக்கவில்லை. கார்டினல் சிஸ்னெரோஸின் ஆணையால் அரபு நூல்கள் திரட்டப்பட்டுப் பொது இடத்தில் எரிக்கப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டும் விலக்கப்பட்டு, அவர் நிறுவிய அல்காலா பல்கலைக்கழகத்திற்குச் சென்றன. உடலைக் காக்கும் ஏடு வேண்டும், உள்ளத்தைக் காக்கும் ஏடு வேண்டாம் என்பது அவர் கணக்கு.

அதன்பின் ஸ்பெயின் முஸ்லிம்கள் என்ன செய்தனர்? அரபு மொழியே பலருக்கு மறந்துகொண்டிருந்தது. ஆகவே தாம் பேசிய ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினர். தொழுகை முறைகளையும், நபிமார் வரலாறுகளையும், பிரார்த்தனைகளையும் அவ்வாறே எழுதிச் சுவர்களுக்குள்ளும் தரைக்கடியிலும் ஒளித்தனர். அல்ஹமியாதோ என்று அவ்வெழுத்து வழக்கிற்குப் பெயர். 1609 முதல் அம்மக்கள் நாடு கடத்தப்பட்டனர். நூல்கள் ஒளிந்தே கிடந்தன. 1884-இல் அல்மொனசித் என்னும் சிற்றூரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பொய்த் தளம் ஒன்றின் கீழிருந்து அந்த ஏடுகள் வெளிப்பட்டன. ஒளித்தவர்களின் பெயரன்மார் ஒருவரும் அவற்றைப் படிக்க அங்கே இருக்கவில்லை.

தம் மொழியை அரபு எழுத்தில் எழுதிய அம்மக்களைப் பற்றிப் படிக்கும்போது, அரபுத் தமிழ் கண்ட நம் சமுதாயத்தை எண்ணாதிருக்க இயலுமா?

நெஞ்சமே ஏடாக

ஏட்டை நம்புவதா, நெஞ்சை நம்புவதா என்ற கேள்வி இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்த சில மாதங்களில் யமாமா போர் நடந்தது. திருக்குர்ஆனை மனனம் செய்த தோழர்கள் பலர் அதில் ஷஹீதாயினர். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் கலங்கினார்கள். கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்று திருமறையை ஒரு தொகுப்பாக எழுதிவிட வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் பேரீச்ச மட்டைகளிலிருந்தும், தட்டைக் கற்களிலிருந்தும், மனிதர் நெஞ்சங்களிலிருந்தும் அதனைத் திரட்டினார்கள். நெஞ்சுக்கு ஏடும், ஏட்டுக்கு நெஞ்சும் சான்றாக நின்றன.

இவ்வளவு அஞ்சி ஏட்டைக் காத்த அதே உமர் (ரலி) அவர்கள்மீதுதான், அலெக்சாந்திரியா நூலகத்தை எரிக்க ஆணையிட்டார் என்ற பழி பின்னாளில் சுமத்தப்பட்டது. எகிப்து வெற்றிக்குப் பின் ஏறத்தாழ 600 ஆண்டுகள் வரை எந்த வரலாற்றாசிரியரும் சொல்லாத கதை அது. கிப்பன் அதனை ஐயுற்றார்; ஆல்ஃப்ரட் பட்லர் 1902-இல் ஆராய்ந்து மறுத்தார்; நம் அல்லாமா ஷிப்லி நுஃமானியும் மறுத்து எழுதினார்.

ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் மாறுபட்ட படிகளை எரிக்கச் செய்தார்களே என்று சிலர் வினவலாம். அங்கே எரிந்தவை ஏடுகள், நூல் எரியவில்லை. தோழர்கள் கூடி ஒப்பிய மூலத்தின் படிகள் முன்னரே ஆயத்தமாகி, நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. ஓதுவோர் நெஞ்சங்களில் மறை முழுமையாக இருந்தது. மக்களிடமிருந்து ஒரு நூலைப் பறிப்பதற்கும், ஒரு நூலை மக்கள் அனைவருக்கும் ஒன்றாக்கித் தருவதற்கும் உள்ள வேறுபாடு அது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இளமையில் நடந்ததாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. ஜுர்ஜானில் பயின்று குறிப்பேடுகளுடன் ஊர் திரும்புகையில், கள்வர்கள் அனைத்தையும் பறித்தனர். குறிப்புகளை மட்டும் தந்துவிடும்படி இமாமவர்கள் தலைவனிடம் கெஞ்சினார்கள். அவன் நகைத்தான். நான் எடுத்துக்கொண்டால் உன்னிடம் இல்லாமற் போகுமெனில், அது எப்படி உன் அறிவாகும் என்று கேட்டானாம். ஏடுகளை அவன் திருப்பித் தந்தான். ஆனால் அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது. தூஸ் நகரில் மூன்றாண்டுகள் அமர்ந்து அக்குறிப்புகள் அனைத்தையும் மனனம் செய்த பின்னரே இமாமவர்கள் எழுந்தார்கள்.

நம் கையிலிருந்த தீ

நாம் எரிக்கப்பட்டவர்கள் மட்டுமே என்று சொன்னால் அது முழு வரலாறாகாது. அதே இமாம் கஸ்ஸாலியின் ‘இஹ்யா’ அவர்கள் வாழ்நாளிலேயே, 1109-இல், குர்துபாவில் எரிக்கப்பட்டது. எரித்தவர்கள் அயலாரல்லர். அன்றைய முராபித் அமீரும் அவரைச் சூழ்ந்திருந்த சட்ட அறிஞர்களுமே. அதற்கு முந்திய நூற்றாண்டில் இப்னு ஹஸ்மின் நூல்கள் செவில் நகரில் முஸ்லிம் அரசனால் எரிக்கப்பட்டன. அவர் அதற்குக் கவிதையால் விடையிறுத்தார். 1195-இல் இப்னு ருஷ்த் நாடு கடத்தப்பட்டு, அவருடைய தத்துவ நூல்கள் தீக்கிரையாயின. அப்போதும் மருத்துவ நூல்களுக்கு விலக்களிக்கப்பட்டது! முந்நூறு ஆண்டு கழித்துச் சிஸ்னெரோஸ் செய்ததும் அதுவே. எரிப்போரின் மார்க்கம் வேறாயினும் அவர்கள் போட்ட கணக்கு ஒன்றாகவே இருந்திருக்கிறது.

நம் காலத்திலும் தீ ஓயவில்லை. 1981 ஜூன் முதல் நாளின் இரவில் சாம்பலான யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும் அதன் ஏறத்தாழ 97,000 நூல்களையும் தமிழறிந்த எவர் மறப்பர்? 1992 மே மாதத்தில் சரயேவோ நகரின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் குண்டு வீச்சில் எரிந்தது. அரபு, பாரசீகம், துருக்கி ஆகிய மொழிகளில் இருந்தனவும், பொஸ்னிய மொழியை அரபு எழுத்தில் எழுதியனவுமான 5,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துத் தொகுதிகள் அத்துடன் போயின.

தீயின்றி எரிவது

எனினும் பிராட்பரியின் நாவல் அரசை மட்டும் குற்றஞ்சாட்டவில்லை. அதில் பீட்டி சொல்லும் வரலாற்றை ஊன்றிப் படித்தால் உடல் நடுங்கும். நூல்களை முதலில் கைவிட்டவர்கள் மக்களே. அவர்களுக்கு நேரமில்லை. சுவரளவு திரைகளில் ஓயாமல் பேசும் உருவங்கள் போதுமாயின. நூல்கள் சுருங்கிப் பக்கமாயின, பக்கம் வரியாயிற்று. ஒவ்வொரு பிரிவினரும் தம் மனத்தைப் புண்படுத்தும் பகுதியை நீக்கச் சொன்னார்கள். எல்லாம் முடிந்த பின்னரே தீயிடுவோர் வந்தனர். மக்கள் படிக்காதுவிட்ட நூல்களைத்தான் அரசு எரித்தது.

இதற்கு அந்த நாவலே சான்றாகவும் ஆயிற்று. 1967-இல் அதன் பதிப்பகத்தார் பள்ளி மாணவர்க்கென ஒரு பதிப்பை வெளியிட்டனர். அதில் 75 இடங்கள் ஆசிரியருக்குத் தெரியாமலே மாற்றப்பட்டிருந்தன. சில ஆண்டுகளில் பொதுமக்களுக்கும் அத்திருத்திய பதிப்பே விற்கப்பட்டது. நூல் எரிப்பைக் கண்டிக்கும் நூல், தீயின்றியே எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது! மாணவர் சிலர் மூலநூலுடன் ஒப்பிட்டுக் கண்டு ஆசிரியருக்கு எழுதிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. நாடகம் மேடை கண்ட அதே 1979-இல்தான் அவர் அதைக் கண்டித்து எழுதி மூலத்தை மீட்டார். காத்தவர்கள் யார்? நூலை வரிவரியாகப் படித்த மாணவர்கள்.

இப்போது பீட்டியின் இல்லத்திற்குத் திரும்புவோம். நிறைந்த அலமாரி, திறவாத நூல். அந்த இல்லம் எங்கோ அமெரிக்கக் கற்பனையில் மட்டுமா இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் கடற்கரை ஊரொன்றில் ஒரு வீட்டாரின் பழைய மரப்பெட்டியைப் பார்வையிட நாம் அழைக்கப்பட்டோம். பாட்டனார் காலத்துக் கிதாபுகள். நாம் போய்ச் சேருமுன், செல்லரித்தவற்றை மூன்று மூட்டைகளாகக் கட்டி, அரபு எழுத்தாயிற்றே என்ற கண்ணியத்தினால் கடலில் சேர்த்துவிட்டிருந்தார்கள். எஞ்சியது ஒரு கையேடு. திறந்தோம், அரபுத் தமிழில் ஒரு தாலாட்டு. முதல் அடியை மெல்லப் படித்தோம். திரைக்கப்பாலிருந்து ஒரு மூதாட்டியின் குரல் அடுத்த அடியைச் சொன்னது. அதற்கடுத்ததையும் சொன்னது. ஏட்டில் கறையான் தின்றிருந்த அடிகளும் அக்குரலில் குறைவின்றி வந்தன. “எங்க உம்மா எனக்குப் பாடுனது ஹஜ்ரத். இத எழுதிக்கூட வச்சிருந்தாங்களா?” என்று அவர்கள் வியந்து கேட்டார்கள். பேரப்பிள்ளைகளோ, அது எந்த மொழி என்று கேட்டார்கள்.

அடுத்த முறை வரும்போது முழுவதையும் எழுதிக்கொள்வோம் என்று சொல்லி விடைபெற்றோம். மதரஸாப் பணிகள், தேர்வுகள், ரமலான் என்று மாதங்கள் ஓடின. மீண்டும் போனபோது அந்த அம்மையார் வஃபாத்தாகி நாற்பது நாள் கடந்திருந்தது. அங்கே தீயிடும் படை எதுவும் வரவில்லை. எழுதத் தெரிந்த நாம் எழுதாமல் இருந்தோம், அவ்வளவே.

கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (1816–1898) அவர்களின் ‘மகானீ’, ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற அரபுத் தமிழ் நூல்களிலிருந்து நம் பாட்டிமார் மார்க்கச் சட்டங்களைக் கற்றனர். இன்று அவ்வெழுத்தைக் கூட்டிப் படிக்க வல்லார் ஓர் ஊருக்கு எத்தனை பேர்? திருக்குர்ஆன் காக்கப்படும் என்பது இறைவன் தந்த உறுதி. நம் முன்னோர் எழுதிய பிற நூல்களுக்கு அத்தகைய உறுதி ஏதும் தரப்படவில்லை. அவை நம் பொறுப்பிலேயே விடப்பட்டிருக்கின்றன.

காதோரம் ஒரு நூல்

2012 ஏப்ரலில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மைய நூலகத்தில் ஒரு புதுமை நடந்தது. நார்வே நாட்டுக் கலைஞர் மெட்டே எட்வர்ட்சன் பிராட்பரியின் நாவலிலிருந்து எடுத்துக்கொண்ட எண்ணம் அது. சிலர் ஆளுக்கொரு நூலை மனனம் செய்துகொண்டு நூலகத்தில் காத்திருந்தனர். வருவோர் ஒரு நூலைக் கேட்கலாம். நூல் எழுந்து வந்து அருகே அமர்ந்து, தன்னைத் தானே சொல்லும். மேடையில்லை, திரையில்லை; சொல்ல ஒருவர், கேட்க ஒருவர். அந்த நூலகக் கட்டடம் சில ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. 2013-இல் அதற்கு மாற்றாக எழுந்த புதிய நூலகத்தைத் திறந்து வைத்தவர், பள்ளிக்குச் சென்றமைக்காகச் சுடப்பட்ட முஸ்லிம் சிறுமி மலாலா யூசுஃப்ஸை.

இறைமறையை ஓதுவதை மனிதர் நூலைச் சொல்வதோடு ஒப்பிடுவது தகாது, நாமும் ஒப்பிடவில்லை. ஆனால் மனனம் என்னும் கலையின் இயல்பை நாம் அறிவோம். ஓதாது விட்ட மறை, கட்டவிழ்ந்த ஒட்டகத்தைப் போல் ஓடிவிடும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தராவீஹ் தொழுகையில் ஹாஃபிழ் ஓதும்போது, பின்னால் நிற்கும் மற்றொரு ஹாஃபிழ் செவிமடுத்து நிற்கிறார். ஓரெழுத்து வழுவினாலும் எடுத்துக் கொடுக்கிறார். ஒரு நெஞ்சம் காக்கும் நூலை மற்றொரு நெஞ்சம் காக்கிறது. கேட்பவர் இல்லையேல் ஓதுபவரும் ஒருநாள் மறப்பார்.

ஆகவே வாசகர்களிடம் நாம் வேண்டுவது சிறிதே. உங்கள் இல்லத்து மூத்தவர்களிடம் சென்று, அவர்கள் நெஞ்சிலுள்ள பைத்தையோ தாலாட்டையோ சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதை அன்றே எழுதுங்கள். அடுத்த முறை என்று சொல்லாதீர்கள். நம் மார்க்கத்தில் முதன்முதலில் இறங்கிய கட்டளை ‘ஓது’ என்பதே. பெட்டியில் பூட்டி வைத்த கிதாபைத் திறவுங்கள். படிக்கத் தெரியவில்லையெனில், தெரிந்தவரிடம் பிள்ளைகளை ஒரு மணி நேரம் அமர வையுங்கள். அவர் இருக்கும்போதே அமர வையுங்கள்.

அல்லாஹ் நம் நெஞ்சங்களையும் நம் ஏடுகளையும் காத்தருள்வானாக. ஆமீன்.